காதறுத்த வாசகர்கள்

மதுரையில் இருந்த முதல் இலக்கிய விமர்சகர் மனிதப் பிறவி அல்ல, ஒரு மரப்பலகை. சங்கப் புலவர்களுக்குச் சிவபெருமானே கொடுத்தது என்கிறது திருவிளையாடற் புராணம். தகுதியுள்ள புலவர் வந்தால் கொஞ்சம் நீண்டு இடம் விடும். தகுதியில்லாதவர் வந்தால் சும்மா கிடக்கும். ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்லாது. அணிந்துரை தராது, பொன்னாடை வாங்காது. அதன் தீர்ப்பை எதிர்த்து எந்தப் புலவரும் வாய் திறந்ததாகக் கதையில்லை. தமிழ் விமர்சன வரலாற்றிலேயே தானும் கவிதை எழுதாத ஒரே விமர்சகர் அந்தப் பலகைதான். அதனால் அதன் நேர்மையைச் சந்தேகிக்க யாருக்கும் வழியில்லை.

திருக்குறளை அதன்மேல் வைத்தார்கள். பலகை குறளுக்கு மட்டும் இடம் விட்டுச் சுருங்கிக்கொண்டு, ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த புலவர்கள் அத்தனை பேரையும் பொற்றாமரைக் குளத்தில் தள்ளிவிட்டது. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு கரையேறியவர்களுக்கு வேறு வழியில்லை, ஆளுக்கொரு வெண்பா பாடிக் குறளைப் புகழ்ந்தார்கள். அதுதான் திருவள்ளுவமாலை. பிற்காலத்தில் யாரோ பாடிச் சங்கப் புலவர்கள் தலையில் கட்டியது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்த மாலையில் முதல் வெண்பாவைப் பாடியது அசரீரி. இரண்டாவது நாமகள். மூன்றாவது இறையனார். பின்னட்டைக்கு நாலு வரி வாங்க மூத்த எழுத்தாளர் வீட்டு வாசலில் தவம் கிடக்கும் இன்றைய பதிப்பாளர்கள் இந்த வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். ஆகாயத்திலிருந்து மதிப்புரை வாங்கியவர் வள்ளுவர் ஒருவரே.

அதே மாலையில் மருத்துவன் தாமோதரனார் என்பவரும் பாடியிருக்கிறார். மருத்துவர் என்பதால் அவர் தொழில்முறையாகவே பேசுகிறார்: ஊராருக்கு வரும் தலைக்குத்துக்குச் சீந்தில், சுக்கு, தேன் போதும், சங்கப் புலவர் சாத்தனாருக்கு வந்த தலைக்குத்து மட்டும் திருக்குறளைக் கேட்டபிறகுதான் நின்றது. சாத்தனாருக்கு ஏன் தலைவலி? அவர் வாசித்த விதம் அப்படி. யாராவது பிழையாகப் பாடினால் பாடியவரை அடிக்க மாட்டார். எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார். புண் ஆறுவதற்குள் அடுத்த புலவர் அடுத்த ஏட்டோடு வந்துவிடுவார். கதைதான். ஆனால் மாதம் நாலு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதும் எவரும் இதைக் கதை என்று சொல்ல மாட்டார்கள். தவிர, இவ்வளவு நாகரிகமான வாசகர் தமிழில் அதற்குப் பிறகு பிறக்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் எழுத்தாணியை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

நக்கீரரை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியனின் சந்தேகம், ஆயிரம் பொன் பரிசு, ஏழைத் தருமி, சிவபெருமான் எழுதிக்கொடுத்த பாட்டு. குறுந்தொகையில் 2ஆம் பாட்டாக இறையனார் பேரில் இன்றும் இருக்கிறது. கதைப்படி பார்த்தால் ஒருவர் எழுதி இன்னொருவர் தன் பேரில் பரிசுக்கு அனுப்பிய முதல் வழக்கு இது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. நக்கீரர் இல்லை என்றார். பாட்டின் உண்மையான ஆசிரியர் நேரில் வந்தார், வாதாடினார், நெற்றிக் கண்ணைத் திறந்தார். தன் பாட்டில் குறை சொன்னவரோடு தானே போய்ச் சண்டை போடக்கூடாது என்ற அடிப்படைப் பாடம் கடவுளுக்கே தெரியவில்லை என்றால் நம் கவிஞர்களை என்ன சொல்ல? வெந்துபோன நக்கீரர் விழுந்த இடம், மறுபடியும், பொற்றாமரைக் குளம். அந்தக் காலத்தில் அந்தக் குளத்துக்கு ஓய்வே இருந்திருக்காது.

1965இல் இந்தக் கதை திருவிளையாடல் படமாக வந்தபோது சிவனாகச் சிவாஜியும் தருமியாக நாகேஷும் நடித்தார்கள். நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. விமர்சகர் வேடத்தை மட்டும் வெளியாளிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எந்தப் படைப்பாளிக்கும் வராது.

சங்கம் கலைந்தது, பலகையும் காணாமல் போனது. அதன் வேலையை மனிதர்கள் கையில் எடுத்தார்கள். படிக்காசுப் புலவர் பேரில் ஒரு தனிப்பாடல் வழங்குகிறது. அது ஒரு தண்டனைச் சட்டத் தொகுப்பேதான். தப்பாகப் பாடினால் பிள்ளைப் பாண்டியன் தலையில் குட்டுவான். வில்லிபுத்தூரார் காதை அறுப்பார். ஒட்டக்கூத்தர் இரண்டு இரண்டு புலவராகக் குடுமியை முடிந்து தலையையே வெட்டுவார். இந்த மூவரும் இப்போது இல்லை, ஏமாறுவதற்கு அறிவில்லாத துரைகள் நிறைய இருக்கிறார்கள், ஆகவே யார் வேண்டுமானாலும் புலவர் என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றலாம் என்று படிக்காசர் அலுத்துக்கொள்கிறார். அவர் காலம் 17ஆம் நூற்றாண்டு. அப்போதே 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்ற ஏக்கம். அதுவும் தலை வெட்டிய காலத்தைப் பற்றி.

மூவரில் வில்லிபுத்தூராரிடம் மட்டும் ஒரு நியாயம் இருந்தது. தன் காதையும் பந்தயத்தில் வைப்பார். கையில் துறடு. வாதத்தில் தோற்றவர் காது போய்விடும். திருவண்ணாமலையில் அருணகிரிநாதரோடு உட்கார்ந்தபோது ஒருவர் காதில் மற்றவர் துறடு மாட்டியிருந்தது என்பது கதை. இலக்கிய உரையாடலுக்கு இதைவிடக் கவனமான சூழல் அமையாது. யாரும் கொட்டாவி விட்டிருக்க மாட்டார்கள். அருணகிரியார் கந்தரந்தாதியைப் பாடப் பாட, வில்லியார் அங்கேயே அப்போதே உரை சொல்லிக்கொண்டு வந்தார். 53 பாட்டுவரை வண்டி ஓடியது. 54ஆம் பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகளாலேயே ஆனது. வில்லியார் துறட்டைக் கீழே போட்டார். அருணகிரியார் காதை விட்டுவிட்டு, இனிமேல் இந்தப் பழக்கம் வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார். 'கருணைக்கு அருணகிரி' என்று நாம் சொல்லும் பழமொழிக்குப் பின்னால் ஒரு வாசகரின் இரண்டு காதுகள் இருக்கின்றன.

கம்பர் பட்டது தண்டனை அல்ல, அலைச்சல். ராமாயணத்தை முடித்துக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். அங்கே எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன்:

"ஓய் கம்பரே, நூல் பலே. தில்லை மூவாயிரவர் கையெழுத்து வாங்கி வந்தீரா?"

"இது ராமன் கதை ஸ்வாமி. தில்லைக்காரர்கள் எதற்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது ஓய். வழக்கம்."

தில்லைக்குப் போனார். மூவாயிரம் பேரும் ஒன்றுகூடினால்தான் ஒப்புதல் என்றார்கள். எந்தக் காலத்தில் மூவாயிரம் பேர் ஒரு விஷயத்துக்கு ஒன்றுகூடியிருக்கிறார்கள்? நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, அங்கே ஒரு பிள்ளையைப் பாம்பு தீண்டிவிட்டது. எல்லாரும் கூடினார்கள். கம்பர் நாகபாசப் படலத்திலிருந்து பாடினார், விஷம் இறங்கியது, கையெழுத்து விழுந்தது. அதோடு முடிந்ததா? திருநறுங்கொண்டைச் சமணர்களிடம் ஒன்று, மாவண்டூர்க் கருமானிடம் ஒன்று, தஞ்சாவூர் அஞ்சனாட்சி என்ற தாசியிடம் ஒன்று, கடைசியில் சொந்த மகன் அம்பிகாபதியிடமே ஒன்று என்று வினோதரசமஞ்சரி வரிசை போடுகிறது. வீடு கட்டத் தடையில்லாச் சான்றிதழ் கேட்டு அலைந்தவர்கள் கம்பரோடு சேர்ந்து கண்ணீர் விடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காவியம் நன்றாக இருக்கிறதா என்று ஒரு கருமானிடமும் ஒரு தாசியிடமும் கேட்க வேண்டும் என்று அந்தக் கதையைக் கட்டியவருக்குத் தோன்றியிருக்கிறதே, நம் பரிசுக் குழுக்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

அரங்கேற்றத்திலும் ஆட்சேபணைகள். முதலாவது, சடையப்ப வள்ளலை நூறு பாட்டுக்கு ஒருமுறை புகழ்ந்திருக்கிறீரே, மனிதரைத் துதிக்கலாமா? சோறு போட்டவரைச் சொல்லாமல் எப்படி என்று கம்பருக்குச் சங்கடம். பேரம் நடந்தது. நூற்றுக்கு ஒன்று ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. வள்ளல் நூற்றில் ஒருவர் அல்ல, ஆயிரத்தில் ஒருவர் என்று நீங்களே உயர்த்திவிட்டீர்கள் என்று கம்பர் நன்றி சொன்னாராம். இரண்டாவது, இரணியன் வதை வான்மீகத்தில் இல்லையே? அதற்குக் கம்பர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேட்டழகியசிங்கர் சன்னிதியிலிருந்து நரசிம்மரே கர்ஜித்துத் தலையசைத்துவிட்டார். கதாபாத்திரமே எழுந்து வந்து எழுத்தாளருக்குச் சாட்சி சொன்ன சம்பவம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. தாயார் சன்னிதிக்கு எதிரே அந்த அரங்கேற்ற மண்டபம் இன்னும் இருக்கிறது. தமிழ் வாசகரின் நிரந்தரக் கோரிக்கைக்கு நினைவுச்சின்னம் அதுதான்: பிரமாதம், ஆனால் இதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அச்சு வந்தால் நிலைமை திருந்தும் என்று யாராவது நினைத்திருந்தால் 1867 அவர்களைத் திருத்தியது. அந்த ஆண்டு ராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பேரில், திருமுறைகளாகப் பகுக்கப்பட்டு, தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் வெளியாயின. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் கண்ணில் முதலில் பட்டது உள்ளே இருந்த பாட்டு அல்ல, அட்டையில் இருந்த பேர். அருட்பா என்றால் தேவாரம், திருவாசகம். திருமுறை என்றால் அவற்றின் வரிசை. நேற்று பாடியதற்கு அந்தப் பேர் எப்படி? 'போலியருட்பா மறுப்பு' வந்தது. மறுப்புக்கு மறுப்பு வந்தது. காதறுக்கும் துறட்டுக்குப் பதிலாகத் துண்டுப்பிரசுரம். காயம் என்னவோ அதே அளவு.

விவகாரம் 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போயிற்று. அவதூறு வழக்கு. அடிகள் உள்ளே நுழைந்ததும் எதிர்த்தரப்பாரும் எழுந்து நின்று வணங்கினார்கள் என்று அடிகளின் அன்பர்கள் சொல்வார்கள். நாவலரின் அன்பர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். நீதிபதி வெள்ளைக்காரராக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு இவர்கள் சண்டை எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடியிருப்பார். தலைப்புப் பக்கத்தில் ஐயா. அதைத் தாண்டவே இல்லை. அடிகளும் நாவலரும் மறைந்த பிறகும் இது ஓயவில்லை. அடுத்த தலைமுறையில் கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் மறைமலையடிகள் இன்னொரு பக்கமும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு நூலின் பேர் சரியா தப்பா என்று இரண்டு தலைமுறை சண்டை போட்ட சமூகத்தைப் படிப்பதில் ஆர்வமில்லாத சமூகம் என்று சொல்லிவிட முடியாது.

இதற்கிடையே கும்பகோணத்தில், ரத்தம் சிந்தாமல், வழக்கு இல்லாமல், ஒரு வாசகர் ஒரே ஒரு அலட்சியத்தால் தமிழைத் திருப்பிப் போட்டார். 1880. உ.வே. சாமிநாதையருக்கு 25 வயது, கல்லூரித் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமை வேறு. ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்பது கேள்வி. ஐயருக்கு உற்சாகம். அந்தாதிகளில் ஆரம்பித்தார், ஒன்றா இரண்டா? பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், கலம்பகங்கள் என்று மளமளவென்று அடுக்கினார். கேட்பவர் மூக்கில் விரலை வைப்பார் என்று எதிர்பார்த்துத்தான் அடுக்கினார். முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்ற பாவனையில், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல் ஏதாவது படித்ததுண்டா என்று கேட்டார். சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஐயர் அவற்றைப் படித்ததில்லை, புத்தகமே கிடைப்பதில்லை.

அந்தக் காட்சியைத் தன் சுயசரிதத்தில் ஐயரே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். ஒட்டக்கூத்தர் வெட்டிய தலைகளால் தமிழுக்கு என்ன வந்தது என்று தெரியாது. இந்த முன்சீபின் உதட்டுச் சுழிப்பால் சீவக சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது, பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் பின்னாலேயே வந்தன. ஒரு நல்ல வாசகர் கருத்துச் சொல்லக்கூட வேண்டாம், முகத்தைச் சற்று அப்படி வைத்துக்கொண்டாலே போதும்.

சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி கிடைத்ததும் ஐயருக்கு அடுத்த அதிர்ச்சி: படித்தால் புரியவில்லை. சைவ மடத்தில் வளர்ந்தவருக்குச் சமண நூலின் சங்கதிகள் எப்படிப் பிடிபடும்? விசாரித்துக்கொண்டு கும்பகோணத்துச் சமணர் வீதிக்குப் போனால் ஒரு வீட்டில் தோரணமும் கோலமுமாக விசேஷம். கல்யாணமா என்று கேட்டால் இல்லை, சிந்தாமணி படித்துப் பூர்த்தியாகிவிட்டது, அதற்காகப் பூஜை என்றார்கள். புலவர் உலகம் மறந்துபோன காவியத்தைக் கோலம் போட்டுக் கொண்டாடிய வாசகர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டுத்தான் பதிப்பு வளர்ந்தது. சமண நூலை ஒரு சைவர் அச்சிடலாமா என்று ஒரு கோஷ்டி கிளம்பியது தனிக் கதை. கிளம்பாவிட்டால் தமிழ்நாடு இல்லை.

அப்புறம் நாவல் வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், வை.மு. கோதைநாயகி என்று குடும்பம் குடும்பமாகப் படித்தார்கள். குடும்பம் குடும்பமாக ஒளித்தும் வைத்தார்கள். நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்பது பெரியவர்களின் இலக்கியக் கொள்கை. பெரியவர்கள் எதைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்கக்கூடாது.

பாரதியார் 1921இல் மறைந்தார். பதினைந்து வருஷம் கழித்து அவர் மகாகவியா இல்லையா என்று யுத்தம். வ.ரா. பக்கம் நின்றவர்கள் மகாகவி என்றார்கள். கல்கி, தேசிய கவி என்று வேண்டுமானால் சொல்லுங்கள், உலக மகாகவி வரிசையில் வைக்காதீர்கள் என்றார். மணிக்கொடி பத்திரிகைக்காரர்களுக்கு ரத்தம் கொதித்தது; கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய பதில்கள் 'கண்ணன் என் கவி' என்று புத்தகமாயின. சரி, பாரதிக்கு எட்டயபுரத்தில் மண்டபம் எழுப்ப வாசகர்களிடம் காசு திரட்டி, 1947 அக்டோபரில் ராஜாஜியைக் கொண்டு திறந்துவைத்தது யார்? கல்கி. மகாகவி இல்லை என்றவர் மண்டபம் கட்டினார். மகாகவி என்றவர்கள் கட்டுரை எழுதினார்கள்.

இதெல்லாம் உரசல். பெரிய தீ 1940களில் பற்றியது, அதற்கும் கம்பரேதான் விறகு. ஒரே சமயத்தில் மூன்று விதமான வாசகர்கள் அவரைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாவது கோஷ்டி காரைக்குடியில். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம். இவர்கள் கம்பனைக் கும்பிட்டார்கள். வருஷா வருஷம் விழா, நிறைவுநாளில் நாட்டரசன்கோட்டைச் சமாதியில் மலர் வணக்கம். வெறும் வணக்கத்தோடு நின்றிருந்தால் யாரும் போயிருக்க மாட்டார்கள். பட்டிமண்டபத்தைக் கொண்டுவந்தார்கள். பரதனா இலக்குவனா என்று இரண்டு அணி பிரிந்து தொண்டை கிழியப் பேச, நடுவர் மணியடிக்க, கூட்டம் கைதட்டியது. வாலியை ராமன் மறைந்து நின்று அடித்தது சரியா என்ற வழக்குக்குத் தமிழ்நாட்டில் வாய்தா மட்டும் உண்டு, தீர்ப்பு கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயிலே அதை எடுத்து ஒரு புத்தகம் முழுக்க விசாரித்தார். அதன் பிறகும் மேல்முறையீடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது கோஷ்டி, அண்ணாவுடையது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று பொதுமேடையில் விவாதம். 1943 பிப்ரவரி 9 சென்னை சட்டக் கல்லூரியில் எதிரே ரா.பி. சேதுப்பிள்ளை, மார்ச் 14 சேலத்தில் எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். இரண்டு பேச்சும் 'தீ பரவட்டும்' என்று அச்சாயின. கூடவே 'கம்பரசம்' வேறு. கம்பனில் எங்கெங்கே சிருங்காரம் எல்லை மீறுகிறது என்று பொறுக்கியெடுத்துக் காட்டும் நூல். இதில் ஒரு வேடிக்கை. கொளுத்தச் சொன்னவர்தான் காவியத்தை வரி வரியாகப் படித்திருந்தார். ஆதரித்தவர்களில் பாதிப் பேர், அப்படியெல்லாமா எழுதியிருக்கிறார் என்று கம்பரசத்தை வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பூஜையறையில் தூசி படிந்து கிடந்த கம்பனைப் பல வாலிபர்கள் முதல்முறை பிரித்தது, மீறிய இடங்களைத் தேடித்தான். காரைக்குடிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கம்பனுக்குப் புது வாசகர்களைச் சேர்த்த கணக்கில் அண்ணாவின் திராவிட நாடு பத்திரிகைக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். 25 வருஷம் கழித்து, 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் கம்பருக்குச் சிலை வைத்தார்கள். அப்போது முதலமைச்சர் அண்ணா.

மூன்றாவது கோஷ்டி ஒரே ஒருவர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். அவர் கம்பனைக் கும்பிடவும் இல்லை, கொளுத்தவும் இல்லை, திருத்தினார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடுவார்கள். டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்து, தாளம் போட்டு, இரண்டு முறை மூன்று முறை சொல்லிக் காட்டுவார். கேட்பவர்களுக்குக் கிறக்கம். அடுத்த பாட்டு சுமாராக இருக்கும். உடனே, இது கம்பன் பாட்டே இல்லை, எவனோ செருகியது என்பார். ஓலையில் இருக்கிறதே என்றால், ஓலை எழுதியவன் கைவரிசை என்பார். நல்ல பாட்டிலேயே ஒரு சொல் உறுத்தினால் கம்பன் இப்படி எழுதியிருக்க மாட்டான் என்று வேறு சொல்லைப் போட்டுக்கொள்வார். தேறியவற்றைச் சேர்த்து 'கம்பர் தரும் ராமாயணம்' என்று வெளியிட்டார். பண்டிதர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஸ்ரீரங்கத்தில் ஆட்சேபித்தவர்களாவது கம்பரையே மாற்றச் சொன்னார்கள். எண்ணூறு வருஷம் தள்ளி வந்த ரசிகமணிக்குக் கம்பரைப் பிடிக்க முடியாததால் தானே மாற்றிவிட்டார். அவர் செய்தது பதிப்பு முறைக்குப் பெரிய குற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரைப்போல ஒரு பாட்டைச் சொல்லிக் கேட்க வைக்க அந்தப் பண்டிதர்களில் ஒருவராலும் முடியவில்லை என்பதிலும் சந்தேகமில்லை.

புதுமைப்பித்தன் இந்தக் கூத்தையெல்லாம் பார்த்திருந்தவர். 1943இல் அகலிகை கதையைச் 'சாபவிமோசனம்' என்று எழுதியபோது, ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்ற கருத்தில் தலைப்புக்குக் கீழேயே குறிப்புப் போட்டுவிட்டார். பத்திரிகைக்குக் கார்டு எழுத உட்காரும் வாசகரின் பேனாவை முன்கூட்டியே பிடுங்கிக்கொள்ளும் உத்தி. பலிக்கவில்லை, எழுதினார்கள்.

கார்டு என்றதும் கல்கி. பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே மாதம்வரை ஓடியது. மூன்றரை வருஷம். அந்த மூன்றரை வருஷத்தில் வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து, அந்தக் கட்டுக்காகவே பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. பிறந்த பிள்ளைக்கு அருள்மொழி, பெண்ணுக்குக் குந்தவை. தொடர் ஒருவழியாக முடிந்தது. நன்றி என்று நாலு வரி வரும் என்று பார்த்தால், கேள்வித்தாள் வந்தது. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆயிற்றா இல்லையா? நந்தினி கடைசியில் என்ன ஆனாள்? ஆழ்வார்க்கடியான் எங்கே போனான்? அவசரமாக முடித்துவிட்டீர்களே! ஐந்து பாகம் எழுதியவரைப் பார்த்து இப்படிக் கேட்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். கல்கி உட்கார்ந்து முடிவுரை எழுதினார், கேள்விகளை வரிசையாக எடுத்துப் பதில் சொன்னார். சாதுவான எழுத்தாளர். அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அவர் பளிச்சென்று சொல்லவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு தமிழ் வாசகர் மூன்று தலைமுறையாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறார். உடையார்குடிக் கல்வெட்டைக் காட்டுபவர் ஒருவர், அது போதாது என்பவர் இன்னொருவர். 2022இலும் 2023இலும் மணிரத்னம் படமாக எடுத்தபோது தியேட்டர் வாசலில் நடந்த வாதங்களைக் கேட்டிருந்தால் சோழர் காலத்துப் புலன் விசாரணை இன்னும் முடியவில்லை என்று தெரிந்திருக்கும்.

கல்கி பதில் சொன்னார். ஜெயகாந்தன் பழிவாங்கினார். 1966, ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்'. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி, கெட்டு, அழுதுகொண்டு வீடு வருகிறாள். அம்மா ஒரு நிமிஷம் கொதிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அன்றைக்கு இருந்த அத்தனை அப்பாக்களும் தபாலாபீஸுக்கு ஓடினார்கள். எந்த அம்மா அப்படிச் செய்வாள்? முடிவை மாற்று! ஸ்ரீரங்கத்து ஆட்சேபணையேதான், பதினைந்து பைசாக்கூடச் செலவில்லாமல்.

மாற்றினார். ஊர் கேட்டபடியே, அம்மா கத்திக் கூப்பாடு போட்டு அக்கம்பக்கத்தைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று முழு நாவலாக எழுதிக் காட்டினார். 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' புத்தகமாக வந்தது. அதில் அண்ணன் அடித்துத் துரத்துகிறான், ஊர் சிரிக்கிறது, அந்தப் பெண் கங்கா வாழ்நாள் முழுக்க அந்தக் கார் மழையிலேயே நிற்கிறாள். அதோடு விட்டாரா? நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளரை உட்கார வைத்து, அவர் 'அக்கினிப் பிரவேசம்' எழுதியதாகச் சொல்லி, அதைக் கங்காவின் அம்மாவையே படிக்க வைத்து அழ வைத்தார். கார்டு எழுதிய அப்பாக்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை ஒட்டக்கூத்தராலும் யோசித்திருக்க முடியாது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது. 1977இல் படம். ஆர்.கே.வி.யாக நடித்தவர் நாகேஷ். பாட்டெழுதத் தெரியாத தருமியாக வந்தவருக்குப் பன்னிரண்டு வருஷத்தில் எழுத்தாளராகவே பதவி உயர்வு.

சுஜாதா இரண்டு வழியிலும் போகவில்லை. 1857 கலகத்தை வைத்துக் குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று தொடர் ஆரம்பித்தார். சில வாரத்திலேயே, ஒரு சமூகத்தாரைக் கேவலப்படுத்திவிட்டார் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கதையை நிறுத்து என்றார்கள். நிறுத்தினார். கொஞ்ச காலம் கழித்து அதே கலகம், அதே சென்னைப் பட்டாளத்துச் சூழல், 'ரத்தம் ஒரே நிறம்' என்ற தலைப்போடு வந்தது. ஆட்சேபணை முழுக்க நிறங்களின் எண்ணிக்கையைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு மூன்றை ஒன்றாகக் குறைத்துக் கொடுத்தார் போலிருக்கிறது. இம்முறை தொடர் முழுசாக ஓடி முடிந்தது. கான்பூரில் வெள்ளைக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர்கள் தரப்பிலிருந்து ஒரு கார்டு வந்ததாகக்கூடத் தகவல் இல்லை.